பழைய பில்லைத் தொட்டவன்

அவர் தன் மனைவியின் தம்பிக்கு மூன்று லட்சம் கடன் பட்டிருந்தார். வட்டி கிடையாது. வட்டிக்குப் பதிலாக வருடக் கணக்காகப் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

தெருவில் அவருக்குப் பெயர் மெக்கானிக். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவர் என்று சிலர் சொல்வார்கள். எட்டாம் வகுப்புக்குத்தான் தன்னைத் தாங்கும் தெம்பு இல்லை என்பது அவர் கட்சி. ரேடியோக் கடையில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தார். முதலாளி சாப்பிடப் போகிற நேரம் பார்த்துப் பின்பக்கத்தைக் கழற்றியே தொழில் படித்தார். ரேடியோ போய் டிவி வந்தது, டிவி போய்க் கம்ப்யூட்டர் வந்தது. ஒவ்வொன்று வந்தபோதும் கூட இருந்தவர்கள் "இது நமக்குச் சரிப்படாது" என்று ஒதுங்கினார்கள். இவர் ஒதுங்கவில்லை. ஆங்கிலம் தெரியாது. திரையில் வரும் எழுத்துகளைப் படம் மாதிரி மனதில் பதித்துக்கொண்டு, எந்தப் படம் வந்தால் எதை அமுக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டார். கம்பெனிக்காரன் கைவிரித்துவிட்டுப் போன மெஷினை இவர் எழுப்பி உட்கார வைத்த கதைகள் அந்த வட்டாரத்தில் நிறைய உண்டு. பெரும்பாலானவற்றைச் சொன்னவர் அவரே என்றாலும், பொய் இல்லை.

"நான் யார் தயவிலயும் வளரலை. சொந்தக் கால்ல நின்னவன்" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும். அது மைத்துனர் காதில் விழுந்தால் போதும்.

"கால் உங்களுதுதான் அத்தான். செருப்பு யாரு வாங்கிக் குடுத்தது?"

நாலு பேர் நடுவில் சொல்வார். நாலு பேரும் சிரிப்பார்கள். மெக்கானிக்கும் சிரித்துத் தொலைக்க வேண்டும். கடை வைக்க முன்பணமும் கருவிகளும் அந்த மூன்று லட்சத்தில் வந்தவைதான். அதை எப்படி மறுப்பது?

மைத்துனருக்குப் பெயிண்டும் குழாயும் மொத்த வியாபாரம். தெருவிலேயே பெரிய கடை. மாமனார் ஆரம்பித்தது. கண்ணை மூடும்போது இரண்டு பங்கு மகனுக்கு, ஒரு பங்கு மகளுக்கு என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். ஆனால் மகள் பங்குக்கு என்று பெரிதாக ஒன்றும் வந்ததில்லை. வருடம் முடிந்தால் தம்பி வீட்டுக்கு வந்து நாற்காலியின் நுனியில் உட்காருவார். "இந்த வருஷமும் கைக்கும் வாய்க்குமாத்தான்கா போச்சு" என்பார். அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார். அத்தோடு அந்த வருடக் கணக்கு முடிந்தது.

மெக்கானிக் இதைப் பற்றி யோசித்ததில்லை. கடன் கொடுத்தவனிடம் கணக்குக் கேட்க எந்த வாய் இருக்கிறது?

அவருடைய யோசனை எல்லாம் வேறு ஒன்றில் இருந்தது. அதற்குக் காரணம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம்.

அந்தக் கூடத்தின் கம்ப்யூட்டர்களை அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல ஆன்டிவைரஸ் போட்டுத் தந்திருந்தார். ஒரு காலையில் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் நோயாளிகளின் ஃபைல்கள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருக்கின்றன. கண்ணெதிரே நடக்கிறது. பணம் கொடுத்தால்தான் திறப்போம் என்று எவனோ எங்கிருந்தோ எழுதியிருக்கிறான். திரையின் ஓரத்தில் ஆன்டிவைரஸ் பச்சை நிறத்தில் 'எல்லாம் பத்திரம்' என்று காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கூடத்தின் முதலாளியம்மா அந்தப் பச்சையை விரலால் தட்டிக் காட்டிக் கேட்டார்.

"இது என்ன, அலங்காரத்துக்கா?"

வாசலுக்கு வெளியே நிற்க வைத்துத்தான் மீதிக் கூலியைத் தூக்கிப் போட்டார்கள்.

அவமானத்தில் இரண்டு வேளை சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் உட்கார்ந்து அழுகிற சாதி இல்லை அவர். யோசித்தார். இந்த ஆன்டிவைரஸ் எப்படி வேலை செய்கிறது? கையில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஏற்கெனவே மாட்டிய கள்ளர்களின் அங்க அடையாளம் அதில் இருக்கிறது. வருகிறவனைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. இருந்தால் பிடிக்கும், இல்லாவிட்டால் வணக்கம் சொல்லி உள்ளே விடும். போலீஸ் ஸ்டேஷன் சுவரில் படம் ஒட்டியிருக்கும் திருடனை மட்டும் பிடிக்கிற போலீஸ். நேற்றுத்தான் தொழிலுக்கு வந்தவனுக்கு ஏது படம்?

முகத்தைப் பார்க்கக் கூடாது, கையைப் பார்க்க வேண்டும் என்று முடிவு கட்டினார். யார் வேண்டுமானாலும் வரட்டும். வந்து என்ன செய்கிறான்?

அப்படிப் பார்க்கிற காவல் புரோகிராம் ஒன்று இலவசமாகக் கிடைத்தது. ஆனால் அது குழந்தை மாதிரி. எது சரி, எது தப்பு என்று அதற்கு ஒவ்வொரு இடத்திலும் சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லிக் கொடுப்பதற்கு முதலில் தனக்குத் தெரிய வேண்டும். கடைகளில் போய் பில் போடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். பார்த்தார். மெஷினுக்கும் மெஷினுக்கும் குணம் வேறு. பில் மெஷின் புது பில்லைத் திறக்கும், அச்சடிக்கும், மூடும். திரும்பிப் பார்க்காது. சரக்கு திரும்பி வந்தால் ரிட்டர்ன் சீட்டு ஒன்று தனியாகப் போடும். அப்போதும் பழைய பில்லை யாரும் தொட மாட்டார்கள். ஆக, அச்சடித்த பில்லைத் திறந்து மாற்றுகிறவன் எவனாக இருந்தாலும் கள்ளன். கையை அப்படியே பிடித்து நிறுத்து, எல்லா மெஷினையும் பூட்டு, சத்தம் போடு. இதுதான் அவர் எழுதிய சட்டம். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, தப்பாகி, அழித்து, மறுபடி தட்டி எழுதினார்.

சட்டம் எழுதியாகிவிட்டது. போட்டுக் காட்ட ஒரு பெரிய கடை வேண்டும். பெரிய கடையில் நின்றால் தெரு முழுக்க வாங்கும். கடைக்குக் கடை ஆண்டுச் சந்தா. மனக்கணக்கு போட்டுப் பார்த்துவிட்டார்: ஒரே வருடம், மூன்று லட்சத்தைக் கொண்டுபோய் மைத்துனர் மேசையில் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி அதன் பக்கத்திலேயே வைத்துவிட்டு, வெறுங்காலோடு திரும்பி வர வேண்டும். அந்தக் காட்சியை மனதில் ஓட்டிப் பார்த்தாலே அவருக்குத் தூக்கம் நன்றாக வந்தது.

பெரிய கடை என்றால் மைத்துனர் கடைதான். கேட்டார்.

"என் கடைல என்ன விலைக்கு ஆன்டிவைரஸ் ஓடுது தெரியுமா அத்தான்? டை கட்டினவன் வந்து போட்டுட்டுப் போனான்."

"டை கட்டினவன் லிஸ்டைப் பார்த்துப் பிடிப்பான் மாப்ளே. நான் நடத்தையைப் பார்த்துப் பிடிப்பேன்."

"ஓ, ஹெட்மாஸ்டர் மாதிரி வைரஸுக்கு நடத்தைச் சான்றிதழ் எழுதப் போறீங்களா? அதுக்கு நீங்க ஸ்கூலை முடிச்சிருக்கணுமே!"

கடையில் கணக்கு எழுதும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். மெக்கானிக் பொறுத்துக்கொண்டார்.

"காசு வேண்டாம். போட்டுப் பாரு. பிடிச்சிருந்தா தெருவுல நாலு பேர்கிட்ட சொல்லு."

"வெளித் திருடன்தானே இதுல மாட்டுவான்?"

"திருடன் மாட்டுவான்."

இலவசம் என்றதும் மைத்துனர் சரி என்றார். தொழில் முறைப்படி மெக்கானிக் கேட்டார், கடையில் என்னென்ன புரோகிராம் ஓடுகிறது என்று. முதலாளி சொல்வதை வைத்துத்தான் எது வீட்டு ஆள், எது வெளி ஆள் என்று காவலுக்குச் சொல்ல வேண்டும். மைத்துனர் விரல் விட்டார்: பில், சரக்கு, சம்பளம். மூன்றே மூன்று. வேறு ஒன்றும் கிடையாது. மெக்கானிக் அந்த மூன்றையும் காவலுக்கு அறிமுகப்படுத்திவிட்டு வந்தார்.

சில வாரம் ஒன்றும் நடக்கவில்லை. "என்ன அத்தான், உங்க காவலாளி தூங்கறானா?" என்று மைத்துனர் போகும்போதும் வரும்போதும் கேட்டார். சிரிப்பதும் சிரிக்காததும் ஒன்றுதான் என்று மெக்கானிக் பழகிக்கொண்டார்.

ஒரு சாயங்காலம், கடை சாத்தும் நேரம். மெக்கானிக் தன் கடையில் டயர்க்கடைக்காரரைப் பிடித்து வைத்துக் காவலின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. கணக்கு எழுதும் அம்மா.

"அண்ணே, சீக்கிரம் வாங்க! எல்லா மெஷினும் ஒண்ணா நின்னு போச்சு. சிவப்பா என்னமோ கத்துது!"

மெக்கானிக்குக் கால் தரையில் பாவவில்லை. "வாங்க, வாங்க, கண்ணால பாருங்க" என்று டயர்க்கடைக்காரரைக் கையோடு இழுத்துக்கொண்டு ஓடினார். வழியில் பழக்கடை, மருந்துக்கடை எல்லோரிடமும் "பிடிச்சுட்டேன்! பிடிச்சுட்டேன்!" என்று சொல்லிக்கொண்டே போனார். அவர் போய்ச் சேருவதற்குள் பின்னால் ஒரு சின்னக் கூட்டமே சேர்ந்துவிட்டது.

கடைக்குள் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. மைத்துனர் தன் கண்ணாடி அறையின் வாசலில் நின்றார். முகம் வெளுத்திருந்தது. பயந்துவிட்டான் பாவம் என்று மெக்கானிக் நினைத்தார்.

"பயப்படாத மாப்ளே, நான் இருக்கேன்!"

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கூட்டம் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தது. பள்ளிக்கூடத்து வாத்தியார் போலச் சத்தமாக விளக்கினார்.

"பாருங்க. உள்ள ஒருத்தன் பூந்திருக்கான். டை கட்டினவன் லிஸ்டுல இவன் இல்ல. அங்க இன்னும் பச்சையாத்தான் காட்டுது, பாருங்க! இவன் என்ன பண்றான்? மூணு மாசத்துப் பில்லு எல்லாத்தையும் திறந்து படிச்சிருக்கான். கடன் பில்லு, செக் பில்லு, அதெல்லாம் தொடலை. கைக்காசு வாங்கின பில்லா பார்த்துப் பொறுக்கி ஒதுக்கி வெச்சிருக்கான். ஒதுக்கினதை அழிச்சுட்டு, மிச்ச பில்லோட நம்பரை நெருக்கி அடுக்கப் போனான். நடுவுல ஓட்டை தெரியாத மாதிரி. அதுக்குள்ள நம்ம ஆளு கையைப் பிடிச்சு..."

பேச்சு மெல்ல இறங்கியது. வெளித் திருடனுக்குப் பில் நம்பர் வரிசையாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? எந்த மெஷினிலிருந்து வந்திருக்கிறான் என்று பார்த்தார். கண்ணாடி அறை மெஷின்.

பின்னால் டயர்க்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். வியாபாரிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. ஒவ்வொருவராகக் கடைக்கு நேரமாகிறது என்று நழுவினார்கள். மைத்துனர் கணக்கு எழுதும் அம்மாவை அனுப்பிவிட்டு ஷட்டரை இழுத்துவிட்டார்.

"உள்ள வாங்க அத்தான்."

அன்றுதான் முதல்முறையாக அந்தக் கண்ணாடி அறையில் மெக்கானிக்குக் கை வைத்த நாற்காலி கிடைத்தது.

"அது நம்ம புரோகிராம்தான். ஒருத்தன்கிட்ட சொல்லிச் செஞ்சு வாங்கினது. வரி கிரி இருக்குல்ல, எல்லாரும் பண்றதுதான்."

"மூணுதான் ஓடுதுன்னு சொன்னியே?"

"நாலாவதை வெளில சொல்ல முடியுமா? நீங்களே சொல்லுங்க."

மெக்கானிக்குத் தலைக்குள் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. வரிக்கு மட்டுமா? பில்லே இல்லாவிட்டால் விற்பனை இல்லை, விற்பனை இல்லாவிட்டால் லாபம் இல்லை. கைக்கும் வாய்க்குமாகத்தான் போகும். நாற்காலி நுனியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம்.

"உங்க அக்கா பங்கு?"

மைத்துனர் நாற்காலியை முன்னால் இழுத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இவன் வீட்டு ஆளுதான்னு உங்க காவல்ல ஒரு வரி எழுதுங்க அத்தான். மூணு லட்சத்தை இந்த நிமிஷமே மறந்துடறேன். தெருவுல எல்லாக் கடைக்கும் நானே முன்ன நின்னு வாங்கித் தரேன். ஒரே ஒரு வரி."

வருடக் கணக்காக அவர் கேட்க ஏங்கிய வார்த்தை. ஆனால் அதைக் கேட்டபோது மெக்கானிக்குக் கூசியது.

"என் காவல்ல திருடனுக்குப் பாஸ் கிடையாது மாப்ளே."

மாட்டிக்கொண்ட புரோகிராம் பொறுக்கி வைத்திருந்த பில்களை அப்படியே ஒரு பென் டிரைவில் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மெஷின்களின் பூட்டை எடுத்துவிட்டு, ஷட்டரைத் தானே தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். நடக்க நடக்க நெஞ்சு விரிந்தது. இவ்வளவு நாள் மனைவியை ஏமாற்றியவனைக் கையும் களவுமாகப் பிடித்தவன் யார்? எட்டாம் வகுப்பு!

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே, கையை ஆட்டி ஆட்டி, முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, மனைவி அழுவாரா, தம்பியைத் திட்டுவாரா, தன்னைக் கையெடுத்துக் கும்பிடுவாரா என்று பார்த்தார். மனைவி ஒரு தலையணை உறையை நான்காக மடித்து வைத்தார்.

"இதை இப்போதான் கண்டுபிடிச்சீங்களா?"

"என்னது?"

"நஷ்டம்னு சொல்றவன் கடை மேல மாடி கட்டினான். கைக்கும் வாய்க்கும்னு சொன்ன வருஷம் புது வண்டி வாங்கினான். கண்ணு இருந்தா போதாதா? இதுக்கு ஒரு மெஷின் வேணுமா?"

மெக்கானிக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"தெரிஞ்சா ஏன் கேக்கல?"

"கேட்டேன். அப்பா போன மறு வருஷமே கேட்டேன். 'அக்கா, உனக்குப் பங்குக் கணக்கு வேணுமா, அத்தானுக்குக் கடை வைக்கப் பணம் வேணுமா, ரெண்டுல ஒண்ணு சொல்லு'ன்னான். நீங்க அப்போ வேலை இல்லாம வீட்டுல மோட்டுவளையைப் பார்த்துட்டுக் கிடந்தீங்க. என்ன சொல்லட்டும்?"

"அது கடன்தானே? நான் அடைக்கத்தானே போறேன்?"

"எனக்கு வர வேண்டியதை எடுத்து உங்களுக்குக் கடன்னு குடுத்தான். நான் வாயைத் திறக்காம இருக்கிறதுக்குத்தான் வட்டி வாங்கல."

துணிகள் எல்லாம் மடித்தாகிவிட்டன. மெக்கானிக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது. கேட்காமல் விட்டிருக்கலாம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொந்தக் கால்ல நின்னேன், சொந்தக் கால்ல நின்னேன்னு போறவங்க வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டிருந்தீங்க. சந்தோஷமா இருந்தீங்க. நான் எதுக்குக் கெடுக்கணும்?"

மனைவியின் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் மெக்கானிக் பதிலுக்குக் கத்தியிருப்பார், கத்தத் தெரிந்தவர்தான். சட்டைப் பையிலிருந்த பென் டிரைவை எடுத்து மேசை மேல் வைத்தார். கொஞ்ச நேரத்துக்கு முன் பதக்கம் மாதிரி இருந்தது அது.

அடுத்து வந்த நாட்களில் தெருவில் ஒருவரும் காவலைப் பற்றிப் பேசவில்லை. இவரே டயர்க்கடைக்கு நடந்தார். டயர்க்கடைக்காரர் நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார், சுற்றி வளைத்தார், கடைசியில் சொன்னார்.

"உங்க சாமானை நான் குறையே சொல்ல மாட்டேன் அண்ணே. கண்ணாலயே பார்த்தேன், பிரமாதம். ஆனா பாருங்க, வெளித் திருடனை மட்டும் பிடிக்கிற மாதிரி ஒண்ணு செஞ்சீங்கன்னா சொல்லுங்க. முதல் ஆளா நான் வாங்கிக்கறேன்."

பழக்கடையிலும் அதேதான். மருந்துக்கடைக்காரர் கொஞ்சம் நேர்மையானவர்; "எதுக்கு அண்ணே எங்க வீட்டுக்குள்ளயும் வரீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார். ஒரு வருடத்தில் கடனை அடைக்கிற மனக்கணக்கு டீ ஆறுவதற்குள் ஆறிப்போனது.

அன்று சாயங்காலம் மனைவி புடவை மாற்றிக்கொண்டு நின்றார்.

"அதை எடுத்துட்டு வாங்க. கடைக்குப் போகலாம்."

"கோர்ட்டுக்குப் போகலாம். கடைக்கு எதுக்கு?"

"அவனை உள்ள தள்ளி எனக்கு என்ன ஆகப் போகுது? வக்கீலுக்குத்தான் ஆகும். அப்பா சம்பாதிச்ச கடைல என் பணம் ஒரு தடவையாவது என் கைல எண்ணி விழணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

கண்ணாடி அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மைத்துனர் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. பென் டிரைவைப் பார்த்தார். பொறுக்கி ஒதுக்கிய பில்களைக் கூட்டினார்கள். சரக்கு விலை போக லாபம் என்ன, அதில் மூன்றில் ஒரு பங்கு என்ன என்று கால்குலேட்டர் சொன்னது. அக்கா அந்த எண்ணை ஒருமுறை பார்த்தார்.

"இது மூணு மாசத்துக்கு. மத்த வருஷமெல்லாம்?"

"மத்த வருஷம் அத்தானோட மெஷின் இருந்துச்சாக்கா?" என்றார் தம்பி. "பிடிச்ச வரைக்கும் குடுக்கறேன். அதுவும் அந்த பென் டிரைவ் அழியணும், காவல் கடையை விட்டுப் போகணும். அப்புறம் அத்தானோட மூணு லட்சம்."

"அதை இதுல கலக்காத!" மெக்கானிக் எழுந்துவிட்டார். "அது என் கடன். நான் சம்பாதிச்சு நான் அடைப்பேன்."

"எப்போ?" என்றார் மனைவி.

தம்பியும் இல்லை, தெருவும் இல்லை, மனைவிதான் கேட்டார். மெக்கானிக் வாயைத் திறந்தார். டயர்க்கடை, பழக்கடை, மருந்துக்கடை மூன்றும் கண்ணுக்குள் வந்து போயின. உட்கார்ந்தார்.

"கழிச்சுக்கோ" என்றார் மனைவி தம்பியிடம். பிறகு கணவர் பக்கம் திரும்பி, "நீங்க அதை அழிச்சிடுங்க" என்றார்.

ஒரே ஒரு வரி எழுத மாட்டேன் என்று ஷட்டரைத் தூக்கிக்கொண்டு போன மனிதர் அதே மெஷினின் முன்னால் உட்கார்ந்தார். முதலில் பென் டிரைவில் இருந்ததை அழித்தார். பிறகு காவலை ஒவ்வொரு மெஷினாகக் கழற்றினார். நிச்சயமாக நீக்கவா என்று அது ஒவ்வொரு தடவையும் கேட்டது; அந்தப் படம் அவருக்கு நன்றாகத் தெரியும். ஆம் என்று அமுக்கினார். ஓரத்தில் டை கட்டியவனின் பச்சை மட்டும் மிஞ்சியது.

மைத்துனர் திரையைச் சரிபார்த்துவிட்டு இழுப்பறையைத் திறந்தார். மூன்று லட்சத்தைக் கழித்த பிறகு எண்ணுவதற்கு அதிகம் இல்லை. அக்கா மேசைக்கு மேல் கையை நீட்டி விரித்தார். மேசையில் வைத்துவிடலாம் என்று பார்த்த தம்பியால் அந்தக் கையைத் தாண்டி வைக்க முடியவில்லை. தாளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்தார். மெக்கானிக் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்; தாள் விழும் சத்தம் மட்டும் கேட்டது. நடுவில் நின்றது.

"சில்லறைதானேக்கா, விடேன்."

அக்கா கையை மடக்கவில்லை. தம்பி சட்டைப் பையைத் துழாவினார், மிச்சத்தையும் எடுத்து எண்ணி வைத்தார்.